வேக்னா வெறும் "புரியல" இல்லங்க

வேக்னு (vague) ஒரு இங்கிலீஷ் வார்த்தை. டிக்‌ஷனரியில தெளிவற்றன்னு போட்டிருக்கும், நம்மாளுங்க அதை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டு ஆடிப்போன போட்டோவுக்கும் படிக்க முடியாத கையெழுத்துக்கும்கூட வேக்னு எழுதுறாங்க. அது ஒட்டாதுங்க. ஆடிப்போன போட்டோ பிளர்டு, படிக்க முடியாத கையெழுத்து இல்லெஜிபிள். எப்ப காசு தருவேன்னு கேட்டா "சீக்கிரம் பாத்துக்கலாம்"ங்கிறான் பாருங்க, அந்த பதில்தான் வேக். ஒவ்வொரு வார்த்தையும் புரியுது, ஆனா சீக்கிரம்னா நாளைக்கா தீபாவளிக்கான்னு எல்லை எங்கயும் இல்ல. (உச்சரிப்பு கடைசில க் இல்ல, கோவிந்தன்ல வர்ற முதல் எழுத்தோட சத்தம்.)

ஆம்பிகுவஸ் வேற. பேங்க் பக்கம் நில்லுன்னா ஆத்தங்கரையா, பணம் போடுற பேங்கான்னு ரெண்டு அர்த்தம் வரும், ஆனா ரெண்டுமே தனித்தனியா தெளிவுதான். வேக்ல அந்த ரெண்டுகூட கிடையாது.

லத்தீன்ல வாகுஸ்னா அலையுறதுன்னு அர்த்தம், ஊர்சுத்தியைச் சொல்ற வேகபாண்ட் அதே வேர்தான், அதே மாதிரி அர்த்தம் வர்ற வேக்ரன்ட் மேலயும் அதோட தாக்கம் உண்டு. இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், அமெரிக்காவுல ஜாக்சன்வில் ஊர்ல சும்மா சுத்துறவங்களைப் பிடிக்க ஒரு வேக்ரன்சி சட்டம் இருந்துச்சு, 1972ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணுச்சு, காரணம் என்னன்னா சட்டமே வேக்!

நம்ம நாட்டுலயும் நடந்திருக்கு, அதுக்காகவே இந்த வார்த்தையைச் சரியா தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறேன். ஐடி ஆக்ட் (தகவல் தொழில்நுட்ப சட்டம்) 66ஏ பிரிவு, 2008 திருத்தத்துல வந்தது, நெட்ல "ரொம்ப புண்படுத்துற" மாதிரி எதையாவது அனுப்பினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில். எது புண்படுத்தும், யாரைப் புண்படுத்தும், எவ்வளவு பட்டா ரொம்ப? சட்டத்துல ஒண்ணும் கிடையாது, அப்புறம் அதை முடிவு பண்றது ஸ்டேஷன்ல உக்காந்திருக்கிறவர்தான். ஃபேஸ்புக் போஸ்டுக்கெல்லாம் ஆளுங்களை அரெஸ்ட் பண்ணாங்க. ஷ்ரேயா சிங்கால் வழக்குல 2015 மார்ச் 24ம் தேதி சுப்ரீம் கோர்ட் மொத்த பிரிவையும் தூக்கிடுச்சு, வேக்ங்கிறது அதுக்கு முக்கியமான காரணம், ஒருத்தருக்குப் புண்படுத்துறதா தெரியுறது இன்னொருத்தருக்கு அப்படித் தெரியணும்னு இல்லன்னு தீர்ப்புலயே இருக்கு.

அதுக்கப்புறமும் இல்லாத அந்த பிரிவுல கேஸ் போட்டுக்கிட்டேதான் இருந்தாங்க, 2022ல இதுல யார்மேலயும் வழக்கு நடத்தக்கூடாதுன்னு கோர்ட் திரும்ப ஒருதடவை ஆர்டர் போட வேண்டியதா போச்சு.