இணையம் அறுந்தாலும் வீட்டுச் சர்வர் திறக்க வேண்டும்

சென்னையில் பல தெருக்களில் இணையக் கேபிள் மரக்கிளைகளின் ஊடாகவும் மொட்டைமாடிகளைத் தாண்டியும்தான் வீட்டுக்கு வருகிறது. 2016 டிசம்பரில் வர்தா புயலிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நகரம் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. புயலே வேண்டாம், சாலையைத் தோண்டும் ஓர் இயந்திரம் போதும். மின்சாரம் இருந்தும் இணையம் இல்லாத அந்த நேரத்தில், அடுத்த அறையில் படங்களையும் ஆவணங்களையும் சேமித்து வைத்திருக்கும் கணினியான சர்வரையும் திறக்க முடியவில்லை என்று நண்பர்கள் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் அது தவிர்க்கக்கூடிய துன்பம்.

வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி எனப்படும் எண் முகவரி உண்டு. அவற்றில் 192.168 என்று தொடங்கும் முகவரிகள், 10 என்று தொடங்குபவற்றைப் போலவே, தனியார் வலையமைப்புகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. கைபேசியும் சர்வரும் ஒரே ரவுட்டரில் இணைந்திருந்தால், அவற்றுக்கிடையிலான தரவு வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. ஆகவே அறுந்தது பெரும்பாலும் பாதையன்று, பெயர். வெளியிலிருந்தும் பயன்படட்டும் என்று ஒரு டொமைன் பெயரை வைத்துக்கொண்டு, வீட்டுக்குள்ளும் அதையே தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு, அப்பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சர்வர் வெளியே இருப்பதால் எல்லாம் நின்றுபோகிறது. கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி என்ற ரவுட்டர் அமைப்பில் சர்வருக்கு மாறாத ஐபி முகவரி ஒன்றை ஒதுக்கி, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி ரவுட்டர்மேல் ஒட்டிவிடுவதே முதல் வேலை. எண் நினைவில் நிற்காது என்போருக்கு 'டாட் லோக்கல்' என்று முடியும் பெயர்கள் உள்ளன. எம்டிஎன்எஸ் என்னும் இம்முறையில் கருவி வலையமைப்பு முழுவதையும் நோக்கிப் பெயரைக் கேட்க, அதற்குரிய கணினியே நேரடியாகப் பதில் சொல்கிறது. லினக்ஸில் அவாஹி என்ற மென்பொருள் இதைச் செய்கிறது.

இவ்வளவு செய்தும் ஆண்ட்ராய்டு கைபேசி ஏமாற்றக்கூடும். வைஃபையில் இணையம் இல்லையென்று கண்டதும் அது மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுவதுண்டு, அப்போது 192.168 முகவரியைத் தேடி வெளியே போய் வெறுங்கையுடன் திரும்புகிறது. மொபைல் டேட்டாவை அணைத்து, இணையம் இல்லாவிட்டாலும் இதே வைஃபையில் இருக்கட்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கைபேசி அமைப்புகளிலுள்ள பிரைவேட் டிஎன்எஸ் பகுதியில் ஏதேனும் வெளி வழங்குநரின் பெயரைக் கொடுத்திருந்தால், அதையும் நிறுத்திவிடுவது நல்லது.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதை மனத்தில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதற்கே எங்கோ உள்ள நிறுவனத்தின் கணினியை நாடும் செயலியைவிட, பயனர் கணக்குகளைத் தன்னிடமே வைத்திருக்கும், வீட்டுச் சர்வரிலுள்ள படங்களையும் பாடல்களையும் இயக்கித்தரும் ஜெல்லிஃபின் போன்றவை நம் ஊருக்கு ஏற்றவை. சர்வருக்கு யுபிஎஸ் வாங்கிவிட்டு ரவுட்டரை மறந்துவிடுவோரும் உண்டு. ரவுட்டர் அணைந்தால் உள்வலையும் அணைந்துவிடும்.

மழைக்காலத்துக்கு முன்பே ஒரு ஞாயிறு காலையில் இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம். அதற்காக ஃபைபர் இணைப்பைப் பிடுங்க வேண்டியதில்லை, அதன் முனையில் தூசு படிந்தால் வேறு தொல்லை வரும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேன் (WAN) எனப்படும் வெளி இணைய இணைப்பை நிறுத்தினாலே போதும். பின்னர் நம் மடிக்கணினியில் மட்டுமன்றி, மருத்துவச் சீட்டுகளைத் தேடி அந்தச் சர்வரைத் திறக்கும் அம்மாவின் கைபேசியிலும் அது திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.