'ஸ்பேஸ் வெஸ்டர்ன்' எங்களுடையது என்று வந்த நோட்டீஸ்

விண்வெளியில் கௌபாய்கள் திரியும் எங்கள் காமிக்ஸ் தொடரின் தலைப்பில் 'ஸ்பேஸ் வெஸ்டர்ன்' என்று வருகிறது. அந்தச் சொற்கள் தங்கள் டிரேட்மார்க் என்றும், உடனே தலைப்பை மாற்ற வேண்டும் என்றும் அமெரிக்கப் பதிப்பகம் ஒன்றின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. தெரிந்தவர்கள் எல்லோரும் "எதற்கு வம்பு, பெயரை மாற்றிவிடு" என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. இந்த வகைக் கதையை வேறு எப்படித்தான் சொல்வது?

நோட்டீஸில் பதிவு எண் இருந்தது. அமெரிக்க டிரேட்மார்க் அலுவலகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் விண்ணப்பம், அதிகாரி எழுதிய கடிதம், அவர்கள் தந்த பதில் என்று மொத்தக் கோப்பும் இலவசமாகத் திறக்கிறது. உட்கார்ந்து படித்தேன். பதிவானது ஒரு லோகோ. அதில் அவர்களுடைய சொந்தப் பெயரும் உண்டு. 'ஸ்பேஸ் வெஸ்டர்ன்' வெறுமனே கதை வகையைச் சொல்கிறது என்று அதிகாரி ஆட்சேபித்திருக்கிறார். அந்தச் சொற்களுக்குத் தனி உரிமை கோரவில்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்த பிறகுதான் பதிவு கிடைத்திருக்கிறது. நோட்டீஸில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை!

எங்கள் வக்கீல் அந்தப் பக்கத்தையே இணைத்துப் பதில் அனுப்பினார். கூடவே, 1952-லேயே சார்ல்டன் நிறுவனம் 'ஸ்பேஸ் வெஸ்டர்ன் காமிக்ஸ்' என்று வெளியிட்டதையும் எடுத்துக் காட்டினோம். பதிவு ஐந்து ஆண்டைத் தாண்டிவிட்டால் 'இது வெறும் விளக்கச் சொல்' என்று சொல்லி ரத்து கேட்க முடியாது. 'இது அந்த வகைப் பொருளுக்கே உள்ள பொதுப்பெயர்' என்ற வாதத்தை மட்டும் எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம். அது வரைக்கும் போகவில்லை. கோரிக்கையைத் தொடரப் போவதில்லை என்று பதிப்பகத்தார் சுருக்கமாக எழுதிவிட்டார்கள்.

நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 'சூப்பர் ஹீரோ' என்ற சொல்லைப் பெரிய காமிக்ஸ் நிறுவனங்களான டிசியும் மார்வெலும் பல பத்தாண்டுகள் கூட்டாகப் பதிவு செய்து வைத்திருந்தன. சூப்பர்பேபீஸ் என்ற சிறு நிறுவனம் ரத்து கோரியது. இரண்டு ஜாம்பவான்களும் பதிலே தாக்கல் செய்யவில்லை. அதனாலேயே 2024 செப்டம்பரில் பதிவுகள் ரத்தாயின. எனக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் அந்தச் சொல் பொதுப்பெயரா என்று விசாரித்துச் சொன்ன தீர்ப்பு அல்ல அது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அப்புறம் எங்கள் தலைப்பைப் பதிவு செய்ய அமெரிக்காவில் நாங்களும் விண்ணப்பித்தோம். 'ஸ்பேஸ் வெஸ்டர்ன்' மீது எங்களுக்கும் உரிமை இல்லை என்று நாங்களே முன்கூட்டி எழுதிக் கொடுத்தோம். ஒரே ஒரு புத்தகத்தின் தலைப்பை அங்கே பதிவு செய்ய முடியாது, தொடராக இருக்க வேண்டும். அதனால் இரண்டாவது இதழ் விற்பனைக்கு வந்த பிறகே விண்ணப்பத்தை அனுப்பினோம். அரசிதழில் வெளியானதும், பதிவால் தங்களுக்குப் பாதிப்பு வரும் என்று நினைப்பவர்கள் எதிர்க்க 30 நாள் அவகாசம் உண்டு. யாரும் எதிர்க்கவில்லை.