கடுவன் குட்டி இருக்கோ?

எங்கள் கந்தோரின் மாதாந்த அறிக்கைப் படிவத்தில் மாடு, எருமை, ஆடு, கோழி எல்லாவற்றுக்கும் நிரல் உண்டு. பூனைக்கு இல்லை. வாசலில் 'கால்நடை வைத்தியர் பணிமனை' என்று பலகை தொங்கினாலும் கிளிநொச்சிப் பக்கத்துச் சனத்துக்கு அது மாட்டாஸ்பத்திரிதான். பசு கன்று போட முடியாமல் அந்தரப்பட்டால் ஓடி வருவார்கள், ஆட்டுக்கு வயிற்றால் போனால் வருவார்கள். செயற்கை முறைச் சினைப்படுத்தலுக்கு மோட்டார்ச் சைக்கிளில் வாய்க்கால் வரம்பெல்லாம் திரிவதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை. பூனைகளுக்குக் கருத்தடை செய்கிற வேலை அதற்கு இடையில் நடக்கிறது. டொக்டருக்கு நேரமும், அலுமாரியில் மயக்க மருந்தும் ஒன்றாக இருக்கிற மத்தியானங்களில்.

இங்கே பூனைக்குட்டிகளைக் கொல்ல யாரும் துணிவதில்லை, அது பெரிய பாவம். ஆகவே உரப்பையில் போட்டு வாயைக் கட்டி, வழி தெரியாதபடி கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். விடுகிற இடத்தைப் பார்த்தால் அவர்களின் மனம் விளங்கும். சந்தையின் மீன் பகுதி, மத்தியானச் சாப்பாடு சமைக்கிற பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக் கன்ரீன், கோயில் மடம். காட்டோரத்தில் விட்டால் யாரும் காணப்போவதில்லை, ஆனாலும் அங்கே விடுவதில்லை. எங்கே ஒரு பிடி சோறு கிடைக்கும் என்று யோசித்துத்தான் விடுகிறார்கள். அதனால் பிடிபட்டவர்களை நான் ஏசுவதில்லை. ஏசினால் அடுத்த முறை இருட்டில் வருவார்கள், அவ்வளவுதான்.

மாசி பங்குனியில் காலபோக அறுவடை முடிந்து நெல் மூட்டை வீட்டுக்குள் வந்துவிட்டால் எலி பின்னாலேயே வரும். அப்போது கந்தோர் வாசலில் ஒரே கேள்விதான். "கடுவன் குட்டி இருக்கோ?" பெட்டைக்குட்டி இருக்கிறது என்றால் முகம் சுருங்கும். எலி பிடிப்பதில் பெட்டை ஒன்றும் குறைந்ததில்லை, ஆனால் ஆருக்கு அந்தக் கணக்கு வேண்டும்? பெட்டை என்றால் குட்டி, குட்டி என்றால் மறுபடியும் உரப்பை. இப்படிக் கடுவன்கள் வீடுகளுக்குப் போக, பெட்டைகள் சந்தையில் மிஞ்சுகின்றன. ஐந்து ஆறு மாதத்திலேயே பெட்டை சினைப்படும், ஒன்பது கிழமையில் குட்டி போடும். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பூனைக்கு வேட்கை அடங்கிவிடும். எங்கள் வெயிலுக்கு அந்த ஓய்வும் கிடையாது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினையும் பிடிக்கலாம். பெட்டை வேண்டாம் என்கிற அந்தத் தெரிவுதான் ஊரில் பூனையைப் பெருக்குகிறது என்பதை எனக்குக் காட்டித் தந்தது டொக்டர் இல்லை, சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கிற ஒரு அக்கா.

செதிலையும் குடலையும் அவ தனி வாளியில் சேர்த்து வைப்பா. எந்தப் பெட்டை எந்தக் கடையின் பின்னால் குட்டி போட்டது, எது புதிதாக வந்தது, எதன் மடி இறங்கியிருக்கிறது, எல்லாம் அவவுக்குத் தெரியும். மூன்று நிறம் கலந்த பூனை என்றால் அநேகமாகப் பெட்டைதான் என்பது நான் படித்து அறிந்தது. அவ கண்ணால் பார்த்தே வைத்திருந்தா. கூடு வைத்துப் பூனை பிடிக்கும் வேலைக்கு வெளியாட்களை அனுப்புவதில் பயனில்லை, சாப்பாடு வைக்கிற ஆளே பிடிக்க வேண்டும் என்று நான் சொல்வது அவவைப் பார்த்த பிறகுதான். அந்நியன் வந்தால் பூனைகள் கூரைக்குப் போய்விடும். அவ வாளியைத் தட்டினால் இறங்கி வரும்.

கூட்டை வெல்டிங் கடையில் சொல்லிச் செய்வித்தோம். உள்ளே பொரித்த மீன் தலை. கதவு விழுந்தவுடன் கூட்டைச் சாக்கால் மூடிவிட வேண்டும், வெளிச்சம் மறைந்தால் பூனை அடங்கிவிடும். இதெல்லாம் அவவுக்கு இலகுவாக வந்தது. முதல்நாள் இரவு சாப்பாடு வைக்காமல் விடுவதுதான் வரவில்லை.

"பட்டினி போட்டுப் பிடிக்கிறது பாவமெல்லோ தம்பி?"

"மயக்க ஊசி போடேக்க வயித்தில சாப்பாடு கிடந்தா சத்தி எடுத்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும் அக்கா. ஒரு ராத்திரிதானே."

கொஞ்ச நேரம் பேசாமல் கத்தியைத் தீட்டினா. பிறகு, கேட்காமலேயே, 2008இல் போரில் இடம்பெயர்ந்த கதையைச் சொன்னா. "டிரக்டர் பெட்டியில கோழியையும் ஏத்தினனாங்கள். நாய் பின்னால ஓடி வந்துது. பூனை மட்டும் கூரையில ஏறி இருந்திட்டுது. கூப்பிடக் கூப்பிட இறங்கேல்ல." மனிக் பாம் அகதி முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது கூரையும் இருக்கவில்லை. அதனால்தான் இப்போது பூனைக்குச் சாப்பாடு வைக்கிறா என்று நான் முடிச்சுப் போட மாட்டேன். அவ அப்படிச் சொல்லவில்லை.

கருத்தடை செய்த பூனைக்கு மயக்கத்தில் இருக்கும்போதே இடது காதின் நுனியைச் சிறிதாக வெட்டிவிடுவோம். அதே பூனையை மறுபடி பிடித்து மறுபடி வயிற்றைக் கீறாமலிருக்கத்தான். சந்தையில் இதற்குப் பெரிய வழக்கு வந்தது. டொக்டருக்குக் கை தவறிப்போச்சு என்றார்கள், கடுவன் கடித்தது என்றார்கள். மாட்டுப் பட்டிக்கார ஐயா ஒருவர்தான் பார்த்தவுடன், "குறி வைச்சிருக்கிறியள் என்ன?" என்றார். காலம் காலமாக மாட்டுக்குக் குறி சுட்டு வந்தவர் அல்லவா. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

வருத்தம் தருகிறவை வேறு. பூனைக்குக் காய்ச்சல் என்று பாசத்தில் பாதிப் பனடோல் (பரசிற்றமோல்) கரைத்துப் பருக்கிவிட்டுக் கொண்டு வருவார்கள். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கிற வல்லமை போதாது. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமற் போய் பல் முரசு (ஈறு) கபில நிறமாகும். அந்த நிறத்தைக் கண்டபின் நாங்கள் செய்யக் கூடியது கொஞ்சமே. நாய்க்குத் தெள்ளுக்குப் பூசுகிற பெர்மெத்ரின் சேர்ந்த மருந்தும் அப்படித்தான், பூனைக்கு நஞ்சு. தாயில்லாக் குட்டிக்குப் பசுப்பால் கொடுத்தால் பெரும்பாலும் கழியும். மூன்று கிழமைக்கு உட்பட்ட குட்டி தானாகச் சலம் விடாது, ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும் என்றால் சிரிக்கிறார்கள், ஆனால் செய்கிறார்கள். கடி வாங்கி வருகிறவர்களுக்கு மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன். நாய்க்கு மட்டுமல்ல, பூனைக்கும் விசர் (நீர்வெறுப்பு நோய்) வரும். சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ, மஞ்சள் பூசிக்கொண்டு என்னிடம் வராதே.

கனடாவில் இருந்து வரும் அண்ணைமார் சிலர் காசு தரத் தயாராக இருக்கிறார்கள். பூனைகளுக்கு ஒரு காப்பகம் கட்டுவோம் என்பார்கள். நான் மறுப்பேன். காப்பகம் இருக்கிறது என்று தெரிந்த கிழமையே மாவட்டத்து உரப்பைகள் எல்லாம் அதன் வாசலுக்கு வரும். ஒரு குட்டி பூனைப் பார்வோ வைரசைக் கொண்டுவந்தால் ஊசி போடாத குட்டிகள் வரிசையாகப் போகும், அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் கிடக்கவும் வல்லது. கட்டடம் வேண்டாம், மயக்க மருந்தும் தையல் நூலும் வாங்கித் தாருங்கோ என்றால் உற்சாகம் குறைகிறது. கட்டடத்தில் பெயர்க்கல் பதிக்கலாம், நூலில் என்ன செய்வது!

இப்போது கடுவன் கேட்டு வருகிறவர்களிடம், ஒப்பரேசன் செய்த பெட்டை இருக்கிறது, குட்டியே போடாது, கொண்டு போறியளோ என்று கேட்கிறேன். சிலர் கொண்டு போகிறார்கள். சிலர் வீட்டுக்காரியிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போவார்கள், வரமாட்டார்கள். சந்தையில் இன்னும் இரண்டு மூன்று பெட்டைகள் பாக்கி. அவற்றைப் பிடிக்கக் கூடு வேண்டும். கூட்டையோ கோழி தூக்குகிற மரநாய்க்கு வைக்கவென்று ஒருவர் வாங்கிப் போனவர், அறுவடை முடியட்டும் தாறன் என்கிறார்.