பழைய பிரேக் ஹோஸ்

முன் இடது சக்கரத்திலிருந்து கழற்றிய பிரேக் ஹோஸை, அதாவது பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் வளையும் குழாயை, விரல்களுக்கிடையே வளைத்துப் பார்த்தபோது, அதுவரை வழுவழுப்பாகத் தெரிந்த ரப்பரில் மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன.

வெளி வெடிப்பாவது கண்ணுக்குத் தெரியும்; எனக்கு அதைவிட அச்சம் தருவது உட்குழாய். அது உப்பி அடைத்துக்கொண்டால், மிதிக்கும்போது போன ஆயில் காலை எடுத்த பிறகும் எளிதில் திரும்பாமல், பிரேக் பிடித்தபடியே இருந்து, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் சூடேறும்.

ஆகவே எங்கள் பழைய எஸ்.யூ.வி.க்கு, உள்ளே டெஃப்லான் குழாயும் மேலே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிப் பின்னலும் கொண்ட ஹோஸ்களை வீட்டு வாசலிலேயே மாற்றினோம். அழுத்தத்தில் இவை ரப்பர் அளவுக்கு விரிவதில்லை என்பதால் பெடல் கெட்டியாக இருக்கிறது. ஆனால் தேய்ந்த டயரின் குறையை இது ஈடுகட்டாது.

குழாய் நட்டைச் சாதாரண ஸ்பேனரால் திருகினால் முனைகள் மழுங்கிவிடும். அதற்கென்றே உள்ள ஃபிளேர் நட் ஸ்பேனர்தான் சரி. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிபரில் ஹோஸை இணைக்கும் போல்ட்டுக்குப் புதிய காப்பர் வாஷர் போடுவதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

டாட் 4 என்ற தர வகையைச் சேர்ந்த புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்றாலும், காற்றின் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அது இறங்கிவிடும் என்பதால், புதிய டப்பாவைத் திறந்துதான் ஊற்றினோம்.

ஏர் எடுத்து, அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றி முடித்ததும், ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பி, ஹோஸ் எங்கும் உரசவோ இழுபடவோ இல்லை என்று பார்த்துக்கொண்டோம். மலைப்பாதையில் இறக்குவதற்கு முன், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் எல்லா இணைப்புகளையும் காட்டப் போகிறோம்.