கிணற்றடியில் கண்ணை மூடினால்

முதன்முதலில் நான் விழுந்தது கிணற்றடியில்தான். குறுக்குக்கட்டோடு நின்று தலைக்கு ஷாம்பூ போட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாளியைத் தூக்கியதுவரை ஞாபகம் இருக்கிறது, அடுத்தது முழங்கையில் சீமெந்து உரசிய எரிவு. பாசி வழுக்கியிருக்கும் என்று மாமி அன்றைக்கே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டார். அடுத்த கிழமையும் விழுந்தேன்.

பிறகு மூன்று இடத்தில் காட்டி, இரத்தம் குறைவு, யோசனை கூட, நித்திரை காணாது என்று எல்லாம் கேட்டு முடித்து, கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்புகளின் உறையை அரிக்கிறதாம். சரி, அது ஏன் என்னைக் கிணற்றடியில் விழுத்த வேண்டும்?

நேராக நிற்பதற்கு மூளை மூன்று பக்கத்தால் செய்தி கேட்கிறது: கண், உட்காது, பாதமும் மூட்டுகளும். எனக்கு நரம்பின் உறை அரிபட்டதால் பாதத்துச் செய்தி பிந்தித்தான் போய்ச் சேருகிறது. அந்தக் குறையை இவ்வளவு நாளும் கண் சமாளித்துக்கொண்டிருந்தது, அதையும் மூடினால் சரிந்துவிடுகிறேன். காலைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொல்லிப் பார்க்கிறார்களே, அந்தச் சோதனைக்கு 19ஆம் நூற்றாண்டில் இருந்த ரொம்பேர்க் என்ற ஜெர்மன் வைத்தியரின் பெயர். நான் அதை வாளியும் கையுமாகச் செய்து பார்த்திருக்கிறேன்.

விழுவதை ஆட்கள் நம்புகிறார்கள், காயம் தெரிகிறதே. களைப்பைத்தான் நம்புவதில்லை. "நேற்று முழுக்கப் படுத்துத்தானே கிடந்தனீ, பிறகென்ன களைப்பு?" என்று பக்கத்து வீட்டு அன்ரி கேட்டார். இந்த வருத்தக்காரரில் நாலில் மூன்று பேருக்கு மேல் இந்தக் களைப்பு உண்டு, நித்திரை கொண்டாலும் அது போகாது. எனக்குப் பத்து மணிக்கே, தேங்காய் பாதி துருவியபடி, கை அப்படியே நின்றுவிடும்.

நிலை தளம்பி ஆடுவதும் களைப்பதும் இரண்டு தனி வருத்தம் என்றுதான் நானும் கனகாலம் நினைத்திருந்தேன். அப்படியில்லை. மற்றவர்களுக்கு நிற்பது தன்பாட்டில் நடக்கிறது, நானோ நிற்பதையே ஒரு வேலையாகச் செய்கிறேன். கலியாண வீட்டில் யாராவது சுகம் விசாரித்தால் நடந்துகொண்டே பதில் சொல்ல என்னால் ஏலாது, சுவரைப் பிடித்து நின்றுதான் கதைப்பேன். நல்லூர்த் திருவிழாவில் வெறுங்காலோடு அந்த மணலில் அரை மணித்தியாலம் நின்றதற்கு அடுத்த நாள் முழுக்கப் படுக்கை. மணல் காலுக்குக் கீழே அசைந்துகொண்டே இருக்கிறது, நான் அதைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், களைக்காமல் என்ன செய்யும்?

அமெரிக்காவில் இந்த வருத்தக்காரர் 38 பேரை வைத்துச் செய்த ஒரு சின்ன ஆய்வு 2011இல் வந்தது: சமநிலைப் பயிற்சி செய்தவர்களுக்கு ஆட்டத்தோடு சேர்ந்து களைப்பும் குறைந்திருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, கோபம்தான் வந்தது, ஏன் முதலே ஒருவரும் சொல்லவில்லை என்று. இப்போது காலையில் விறாந்தைத் தூணுக்குப் பக்கத்தில் தலையணை மேல் ஏறி நின்று தலையை இடமும் வலமுமாகத் திருப்புகிறேன். முதல் கிழமை தலைச்சுற்றில் சத்தி வரப் பார்த்தது. இப்போது பரவாயில்லை. மாயம் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் தேங்காயைத் துருவி முடிக்கிறேன்.

காண்டாவன வெயிலில் மட்டும் எந்தப் பயிற்சியும் எடுபடாது. உடம்புச் சூடு அரைப் பாகை ஏறினாலே உறை போன நரம்பில் செய்தி தடைப்படும், உடம்பை வருத்தினால் இந்த வருத்தக்காரருக்குப் பார்வை கொஞ்ச நேரம் மங்குவதை ஊத்தோப் என்ற கண் வைத்தியர் 1890இலேயே கவனித்து எழுதியிருக்கிறார். புதிதாக நரம்பு பழுதாவதில்லை, உடம்பு ஆறினால் பழையபடி வந்துவிடும். அதனால் மே மாதத்தில் வெயில் ஏற முதலே கடைக்குப் போய்வந்துவிடுவேன், மத்தியானம் ஈரத் துவாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஃபானுக்குக் கீழே இருப்பேன். கரண்ட் போனால் மாமி பனையோலை விசிறியோடு வந்துவிடுவார்.

கிணற்றடியில் இப்போது ஒரு பிளாஸ்டிக் கதிரை நிற்கிறது. நான் இருக்க, மாமி தலையில் வார்க்கிறார். இருந்துகொண்டு கண்ணை மூடலாம் மாமி, விழமாட்டேன் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "கண்ணை மூடாதை பிள்ளை" என்று சத்தம் போட்டுக்கொண்டே அடுத்த வாளியை ஊற்றுகிறார், ஷாம்பூ எல்லாம் கண்ணுக்குள்.