கோழிக் கூண்டும் பக்கத்து வீட்டுப் பூனையும்: நாலு மாதக் கணக்கு

ஒன்பது குஞ்சு பொரித்தது. பத்தாம் நாள் எண்ணினால் ஏழு. அன்றைக்குத்தான் இந்த நோட்டை ஆரம்பித்தேன்.

யார் மேல் சந்தேகம் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு செவலைப் பூனை இருக்கிறது, இடது காது நுனி கிழிந்தது. விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் கூண்டுக்கு எதிரே மதில் மேல் வந்து உட்கார்ந்துவிடும். பெரிய கோழிகளை அது சீண்டியதில்லை. என்னிடம் நாலு பெட்டையும் ஒரு சேவலும் உண்டு. வளர்ந்த கோழி சிறகை விரித்து எதிர்த்து நின்றால் பெரும்பாலான பூனைகள் ஒதுங்கிப் போய்விடும். குஞ்சுகளுக்கும் பாதி வளர்ந்த விடைக்கோழிகளுக்கும்தான் ஆபத்து.

நாள் 12. இரவு டார்ச்சோடு காத்திருந்தேன். கூண்டைச் சுற்றி நான் அடித்திருந்தது கோழி வலை, அறுகோணக் கண் உள்ளது. தாய்க்கோழி வலையை ஒட்டிப் படுத்திருந்தது. அதன் சிறகுக்கு வெளியே இரண்டு குஞ்சுகளின் பின்பக்கம் வலைமேல் சாய்ந்தபடி தெரிந்தது. பூனை சத்தமே இல்லாமல் வந்து தரையோடு தரையாகப் படுத்தது. முன்னங்காலை வலைக் கண்ணுக்குள் விட்டது. கட்டிலுக்கு அடியில் விழுந்த சாவியை நாம் துழாவுவோமே, அதே மாதிரி. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கை மட்டும் உள்ளே, விரல்களை அகல விரித்து, நகம் நீட்டி. வெளிச்சம் அடித்ததும் ஓடிவிட்டது. வலைக் கம்பியில் நாலைந்து செவலை முடி ஒட்டியிருந்தது.

அந்த வலை கோழி வெளியே போகாமல் இருக்க மட்டும்தான் உதவும் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. கம்பி மெல்லியது, கண் பெரியது. பூனை உள்ளே நுழையவே வேண்டாம், கை நுழைந்தால் போதும்.

நாள் 13 முதல் 16 வரை. ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன். ஆரஞ்சுத் தோல் போட்டேன். மூன்றாம் நாள் பூனை அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியது. காபிப் பொடி ஒரே மழையில் போனது. பழைய சிடிக்களைக் கட்டித் தொங்கவிட்டேன், கோழிகள்தான் மிரண்டன. அந்துருண்டை போடச் சொன்னார்கள். அது பூனைக்கும் விஷம், கொத்தித் தின்றால் கோழிக்கும் விஷம், தொடவில்லை. மிளகாய்த் தூளையும் வேண்டாம் என்று விட்டேன். பறவைகளுக்கு மிளகாயின் எரிச்சல் தெரியாது, கோழி பாட்டுக்குக் கொத்திக்கொண்டிருக்கும். ஆனால் பூனை காலில் ஒட்டியதை நக்கி, அதே காலால் கண்ணைத் தேய்த்துக்கொள்ளும். திருடன் என்பதற்காகக் கண்ணைக் கெடுக்க முடியாது.

அசைவு தெரிந்தால் தண்ணீர் பீய்ச்சும் சென்சார் தெளிப்பான் ஒன்றும் வைத்தேன். அது முதலில் நனைத்தது என்னை. இரண்டாவதும் என்னை. சேவலையும் ஒருமுறை. பிறகு மதிலைப் பார்த்த மாதிரி, பூனையின் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்ததும் வேலை செய்தது. ஒரு வாரத்தில் தண்ணீர் எதுவரை எட்டும் என்று பூனை கணக்குப் போட்டுவிட்டது. அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் அப்பால் உட்கார ஆரம்பித்தது.

நடுவில் ஒருநாள் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னேன். சண்டைக்கு இல்லை, தெரியட்டும் என்றுதான்.

“அக்கா, உங்க பூனை குஞ்சுகளுக்குக் குறி வைக்குது.”

“எங்க பூனையா? எலியைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில ஓடுற பூனை தம்பி அது!”

அப்படிச் சொன்னாலும் அக்கா இரண்டு காரியம் செய்தார். காலை எட்டு மணி வரை பூனையை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். கழுத்துக்கு மணி வைத்த பட்டை வாங்கிக் கட்டினார். எங்காவது மாட்டி இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் வகைதான் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கிளையில் மாட்டிக் கழுத்து இறுகிவிடும். மணிச்சத்தம் என்றால் பூனை என்று குஞ்சுக்கு எங்கே தெரியப்போகிறது? அது எனக்குத்தான் உதவியது.

நாள் 17, 18. வலையை மாற்றினேன். அரை அங்குலச் சதுரக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த கெட்டி வலை. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை இரண்டு அடுக்கு, நடுவில் மூன்று விரல் இடைவெளி. உள்பக்கம் சாய்ந்து படுக்கும் குஞ்சை வெளியிலிருந்து நகம் எட்டாது. முதலில் சோம்பேறித்தனமாக பிளாஸ்டிக் டேக்கால் கட்டினேன். வெயிலில் காய்ந்து ஒவ்வொன்றாகத் தெறித்தது. அப்புறம் மரச்சட்டத்தில் திருகாணியும் அகல வாஷரும் போட்டு இறுக்கினேன். அது இன்றுவரை அசையவில்லை.

மேல்பக்கம் நிழல்வலை மட்டும்தான் இருந்தது. நின்ற இடத்திலிருந்தே ஐந்தடி எம்பக்கூடிய பிராணி பூனை. மரக்கம்பம் கிடைத்தால் நகம் பதித்து ஏறியும்விடும். அதனால் சுவரை உயர்த்துவது வீண் வேலை, கூரைதான் போட வேண்டும். நான் அதைத் தள்ளிப்போட்டதால், மதிலிலிருந்து நிழல்வலைமேல் குதித்து ஊஞ்சல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்த பூனையை ஒரு சாயங்காலம் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. கீழே கோழிகள் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும். மறுநாள் குறுக்குச் சட்டம் இரண்டு கொடுத்து, மேலேயும் மெஷ் அடித்தேன்.

அந்தக் கூச்சலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோழிக்கு எச்சரிக்கைக் குரல் இரண்டு விதம். வானத்தில் பருந்து மாதிரி எதையாவது கண்டால் நீளமாக, மெல்லிசாக ஒரு கீச்சு வரும். எல்லாம் அப்படியே பதுங்கும். தரையில் எதிரி என்றால் விட்டுவிட்டுக் ‘கொக்-கொக்-கொக்கரே’ என்று சத்தமாக, நிறுத்தாமல் கத்தும். இது பழகிய பிறகு சமையலறையில் இருந்தபடியே கல்லை எடுப்பதா, சும்மா இருப்பதா என்று முடிவு பண்ண முடிகிறது. (கல் என்பது பேச்சுக்கு. கையைத் தட்டினாலே ஓடும்.)

நாள் 22. இவ்வளவும் செய்த பிறகு இன்னொரு குஞ்சைக் காணோம். ராத்திரியில், பூட்டிய கூண்டுக்குள்ளிருந்து. ஒரு இறகுகூடக் கிடக்கவில்லை. கோபத்தில் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பியே விட்டேன். வாசல்வரை போய்த் திரும்பினேன், ஏனென்றால் மெஷ்ஷில் ஒரு ஓட்டையும் இல்லை.

அன்றிரவு கூண்டுக்குள்ளும் வெளியிலும் சாம்பலை மெல்லிசாகச் சலித்துத் தூவினேன். பூனைத் தடம் எனக்கு அத்துப்படி: வட்டமாக, நாலு விரல், நகம் பதியாது. காலையில் வெளியே ஒன்றுகூட இல்லை. உள்ளே, தீவனப் பெட்டிக்குப் பக்கத்தில் பொடிப் பொடியாக விரல் தடங்கள், நடுவே பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு. வால் இழுபட்ட கோடு. பெட்டியை நகர்த்தினால், மூலையில் என் கைமுட்டி நுழையும் அளவுக்கு ஒரு வளை. பெரிய எலிக்கு அது தாராளம்.

அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். பூனை மதிலில் உட்காரும் இடத்தை நினைத்துப் பார்த்தேன். அங்கிருந்து நேராகத் தெரிவது குஞ்சுகள் இல்லை, இந்தத் தீவனப் பெட்டி. நான் ராத்திரி முழுக்கத் தீனியைத் திறந்துவைத்தேன், அதற்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. குஞ்சு அதற்கு வழியில் கிடைத்த பலகாரம்.

அதற்குப் பிறகு செய்த வேலையில் பூனை சம்பந்தப்பட்டது எதுவுமே இல்லை. அந்தி சாயும்போது மிச்சத் தீனியை அள்ளி, மூடியுள்ள தகர டின்னில் போட்டுவிடுகிறேன். சிந்தியதைக் கூட்டிவிடுகிறேன். கூண்டின் தரைக்கு அடியிலும் மெஷ் விரித்து, வெளிப்பக்கம் ஓரடி நீட்டி மண்ணுக்குள் புதைத்தேன், தோண்டி வருவதற்கு அது தடை. எலி விஷம் மட்டும் வைக்கவில்லை. விஷம் தின்ற எலியைப் பூனை தின்றால் பூனையும் போகும், கோழி கொத்தினால் கோழியும் போகும். இரண்டு பொறி போதுமாக இருந்தது.

ஏழாம் வாரம். கூண்டுக்குள் எல்லாம் நலம். பிரச்சினை வெளியே வந்தது. குஞ்சுகள் ஆறு வாரம் தாண்டியதும் தாய்க்கோழி அவற்றைக் கொத்தித் துரத்த ஆரம்பித்தது, அது இயல்புதான். ஆனால் காவல் போய்விட்டது, உடம்போ இன்னும் புறா அளவு. ஒரு மத்தியானம் மேய விட்டிருந்தபோது கூச்சல் கேட்டு ஓடினேன். பூனையின் வாயில் ஒரு விடையின் சிறகு. சேவல் பாய்ந்ததில் விட்டுவிட்டது. பார்த்தால் இரண்டே இரண்டு ஊசிக்குத்து, ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன்.

நல்லவேளை, கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனேன். பூனைப் பல் மெல்லியது, ஆழமாக இறங்கும், மேல்தோல் உடனே மூடிக்கொள்ளும். அதன் வாயில் பாஸ்டுரெல்லா என்ற கிருமி இருக்கும், அது பறவையை ஓரிரு நாளிலேயே கொன்றுவிடக்கூடியது என்றார். அன்றே ஆன்டிபயாடிக் ஆரம்பித்தோம். விடை பிழைத்தது. இடது சிறகு மட்டும் கொஞ்சம் தொங்கும். அதிலிருந்து மேய விடுவது நான் தோட்டத்தில் இருக்கும்போது மட்டும்தான்.

நாலாம் மாதம். ஆறும் வளர்ந்துவிட்டன, ஒன்று கூவிப் பழகுகிறது, கேட்கச் சகிக்கவில்லை. தெளிப்பானைக் கழற்றிச் செடிக்குப் போட்டுவிட்டேன்.

நேற்றுக் காலை எட்டு மணிக்கு மேல் மணிச்சத்தம் கேட்டது. செவலை மதிலுக்கு அடியில் நின்றது, வாயில் ஒரு முழத்துக்கு எலி. சிறகு தொங்கிய விடை கழுத்தை நீட்டி அதைப் பார்த்தது, பூனை திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. அக்காவிடம் சொன்னேன்.

“எங்க பூனையா? வேற ஏதாவது பூனையா இருக்கும் தம்பி, நல்லாப் பார்த்தீங்களா?”