புளூ வெல்வெட் பார்த்த நாட்கள்

2025 ஜனவரி 17, வெள்ளி

திரைப்பட இயக்குநர் டேவிட் லிஞ்ச் போய்விட்டார். செய்தி நேற்றே வந்துவிட்டது, நான் ராத்திரிதான் பார்த்தேன். வருகிற திங்கட்கிழமை அவருக்கு 79 வயது நிறைந்திருக்கும்.

நாங்கள் அமெரிக்காவின் நார்த் கரோலினாவில் இருக்கும் இந்த கேரி ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்தே அவருடைய ‘புளூ வெல்வெட்’ படத்தை மறுபடி பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. கல்லூரியில் படிக்கும்போது விடுதித் தோழி ஒருத்தியின் கணினியில் பார்த்தது. படத்தின் கதை இதே நார்த் கரோலினாவில் லம்பர்ட்டன் என்ற மரம் வெட்டும் ஊரில் நடக்கிறது. அந்தப் பெயரில் நிஜமாகவே ஓர் ஊர் இந்த மாநிலத்தில் உண்டு. ஆனால் லிஞ்ச் படம் எடுத்தது கடலோரத்து வில்மிங்டனில். இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம்.

நாளை இரவு எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்று தோழிக்கும் அவள் கணவருக்கும் சொல்லிவிட்டேன். படத்தில் ஒரு பெண்ணை ரொம்பக் கொடுமைப்படுத்துவார்கள், அதனால் பிள்ளைகள் மாடியில் இருக்கட்டும் என்றும் முன்கூட்டியே சொன்னேன்.

ஜனவரி 18, சனி, நள்ளிரவு

எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். தூக்கம் வரவில்லை, எழுதிவைத்துவிடுகிறேன்.

முதல் மூன்று நிமிடத்திலேயே மொத்தப் படமும் இருக்கிறது. நீல வானம், வெள்ளை மரவேலி, அதன் முன்னால் சிவப்பு ரோஜா. பின்னணியில் பாபி விண்டனின் பழைய பாட்டு. மெதுவாகப் போகும் தீயணைப்பு வண்டியில் நின்றபடி ஒருவர் நம்மைப் பார்த்துக் கையசைக்கிறார். ஒரு பெரியவர் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறார். ரப்பர் குழாய் செடியில் மாட்டி முறுக்கிக்கொள்கிறது, அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். அவர் கையிலிருந்து பீய்ச்சும் தண்ணீரை நாய் துள்ளித் துள்ளிக் கடிக்கிறது. கேமரா புல்லுக்குள் இறங்குகிறது, இன்னும் கீழே, இன்னும் கீழே. அங்கே இருட்டில் கருவண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிந்துகொண்டிருக்கின்றன.

“அப்படியே நம்ம தெரு” என்றார் தோழியின் கணவர். புல் நாலு அங்குலம் கூடுதலாக வளர்ந்தால் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வரும் தெரு எங்களுடையது. அதனால் எல்லோரும் அந்தக் காட்சியை உடனே பிடித்துக்கொண்டோம்.

விழுந்தவரின் மகன் ஜெஃப்ரி, கல்லூரிப் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்கு வருகிறான். காலி மனை ஒன்றில் எறும்பு மொய்த்தபடி, அறுபட்ட மனிதக் காது ஒன்று கிடப்பதைப் பார்க்கிறான். காகிதப் பையில் போட்டு, பக்கத்துத் தெருவில் இருக்கும் துப்பறியும் அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அதோடு விட்டிருக்கலாம், அவனால் முடியவில்லை. அதிகாரியின் மகள் சாண்டியிடமிருந்து துப்பு கிடைக்கிறது. பாடகி டாரத்தியின் வீட்டுக்குப் பூச்சிமருந்து அடிப்பவன் வேஷத்தில் போய்ச் சாவியைத் திருடுகிறான், பிறகு ராத்திரியில் நுழைந்து துணி அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறான். அந்த அலமாரிக் கதவின் இடுக்கு வழியாக அவன் பார்ப்பதைத்தான் நாமும் பார்க்கிறோம். டாரத்தியின் கணவனையும் குழந்தையையும் பிடித்துவைத்துக்கொண்டு அவளை வதைக்கும் ஃபிராங்க் பூத் அங்கே வருகிறான்.

தோழி அந்த இடத்தில் எழுந்துவிட்டாள். “நான் டீ வைக்கிறேன்” என்று சமையலறைக்குப் போனவள் படம் முடியும்வரை வரவில்லை. டீயும் வரவில்லை. என் கணவர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நீண்ட வார விடுமுறைக்கு வந்திருக்கும் என் மகள் இரண்டு இடத்தில் சத்தமாகச் சிரித்தாள். தோழியின் கணவர் மட்டும் ஃபிராங்காக வரும் டென்னிஸ் ஹாப்பரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். போதையிலிருந்து மீண்டு வந்திருந்த ஹாப்பர், “ஃபிராங்க் நான்தான், நான்தான் நடிக்கவேண்டும்” என்று லிஞ்சிடம் கேட்டு வாங்கிய வேடம் அது.

ஒரே அறை, ஒரே படம், ஆளுக்கொரு முகம்.

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் தோழி கூப்பிட்டாள். கோபம் ஆறவில்லை.

“நீ எப்படிடீ அதைப் பார்த்துட்டு உக்காந்திருந்த? அந்தப் பொண்ணை அப்படி நிக்க வச்சுட்டு, மத்த நேரமெல்லாம் ரோஜா, பறவைன்னு காட்டினா ஆச்சா?”

இதையேதான் படம் வெளிவந்த 1986-இல் ரோஜர் ஈபர்ட்டும் கேட்டார். அமெரிக்காவில் அன்று அதிகம் வாசிக்கப்பட்ட விமர்சகர்களில் ஒருவர், படத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார். நடிகையை இவ்வளவு தூரம் வதைபட வைத்தால், அதற்குத் தகுந்த முக்கியமான படமாவது அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். சின்ன ஊரைக் கிண்டல் செய்யும் காட்சிகளுக்குப் பின்னால் லிஞ்ச் ஒளிந்துகொள்கிறார் என்று நினைத்தார். தொலைக்காட்சியில் அவரோடு சேர்ந்து விமர்சனம் செய்த ஜீன் சிஸ்கல் படத்தை ஆதரித்தார், இருவரும் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள்.

நான் ஈபர்ட்டை மதிக்கிறேன். படம் அழகாக இருந்தது என்பதற்காக ஒரு பெண் படும் வலியை அவர் தாண்டிப் போகவில்லை. பலர் அப்படித் தாண்டிப் போனார்கள். ஆனால் அவர் பேசும்போது டாரத்தியாக நடித்த இசபெல்லா ரோசலினிக்குத் தன் வேடத்தைப் பற்றி ஒரு கருத்துமே இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. ரோசலினி பின்னாளில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்: நான் வளர்ந்த பெண், யோசித்துத்தான் அந்தப் பாத்திரத்தை ஏற்றேன் என்று. படப்பிடிப்பின்போது அவருக்கு 33 வயது. நடிகை இங்க்ரிட் பெர்க்மனின் மகள், அழகுசாதன விளம்பரங்களின் முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டே வதைபட்ட ஒரு பெண்ணின் கலைந்த மனத்தைக் காட்டினார். படம் வந்தபோது ரோமில் அவர் படித்த பள்ளியின் கன்னியாஸ்திரிகள், உனக்காக ஜெபிக்கிறோம் என்று தொலைபேசியில் சொன்னார்களாம்.

தோழியிடம் இதையெல்லாம் சொன்னேன். “அவங்க சம்மதிச்சாங்க, சரி. நான் சம்மதிக்கல” என்றாள். பார்ப்பவருக்கும் சம்மதம் என்று ஒன்று உண்டு. அதற்குமேல் நான் பேசவில்லை.

ஜனவரி 20, திங்கள்

லிஞ்சின் பிறந்தநாள். கலிஃபோர்னியா நேரப்படி நண்பகலில், உலகத்தில் எங்கே இருந்தாலும் பத்து நிமிடம் தியானத்தில் உட்காருங்கள் என்று அவர் குடும்பத்தார் கேட்டிருந்தார்கள். இங்கே அது பிற்பகல் மூன்று மணி. உட்கார்ந்தேன்.

ஜனவரி 25, சனி

மகள் விடுதிக்குப் போகும் முன் நடந்த பேச்சை எழுதாமல் விட்டுவிட்டேன். அவள் சிரித்த இரண்டு இடங்களில் ஒன்று, சாண்டி தன் கனவைச் சொல்லும் இடம். ராத்திரி, தேவாலயத்துக்கு வெளியே கார், உள்ளிருந்து ஆர்கன் இசை. உலகமே இருண்டு கிடந்தது, காரணம் ராபின் பறவைகள் இல்லை, ஒருநாள் ஆயிரக்கணக்கில் அவை அன்பின் வெளிச்சத்தோடு வந்து இறங்கின என்கிறாள் சாண்டி. லாரா டெர்ன் கண்கலங்கிச் சொல்கிறார். “அம்மா, இது கிண்டல்தானே?” என்று மகள் கேட்டாள்.

கிண்டல் இல்லை. இதை நான் உறுதியாக நம்புகிறேன். லிஞ்ச் அந்தப் பெண்ணின் கனவை முழு மனதோடு எடுத்திருக்கிறார், ஃபிராங்கின் கொடூரத்தையும் அதே முழு மனதோடு எடுத்திருக்கிறார். இரண்டும் ஒரே ஊரில் இருப்பதுதான் பார்ப்பவர்களுக்குத் தாங்கவில்லை. ஒன்றைப் பொய்யென்று வைத்துக்கொண்டால் இன்னொன்றைச் சுலபமாகப் பார்த்துவிடலாம். சிரிப்பவர்கள் கனவைப் பொய்யாக்குகிறார்கள். எழுந்து போகிறவர்களுக்கு ஃபிராங்க் மட்டுமே நிஜம்.

1986-இலும் அரங்குகளில் இதே கதைதான். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில், வெளியீட்டுக்கு முன் நடந்த சோதனைக் காட்சியில் மக்கள் படத்தை அடியோடு வெறுத்தார்கள். சம்பளத்தையும் செலவையும் பாதியாகக் குறைத்துக்கொண்டு, படத்தின் கடைசி வடிவத்தைத் தானே முடிவுசெய்யும் உரிமையைத் தயாரிப்பாளர் டினோ டி லாரன்டிஸிடமிருந்து லிஞ்ச் ஏற்கெனவே வாங்கியிருந்தார். அது மட்டும் இல்லையென்றால் நாம் இன்று வேறு ஏதோ படத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். நியூயார்க்கர் இதழின் விமர்சகர் பாலின் கேல் படத்தைக் கொண்டாடினார். அரங்கைவிட்டு வெளியே வரும்போது ஒருவர் தன் நண்பரிடம், “எனக்குத்தான் புத்தி சரியில்லையோ என்னவோ, ஆனா இதை மறுபடி பார்க்கணும்” என்று சொன்னதைக் கேட்டதாக எழுதினார். இந்தப் படத்தைப் பற்றி வந்ததிலேயே உண்மையான வாக்கியம் அந்தப் பெயர் தெரியாத பார்வையாளர் சொன்னதுதான். அமெரிக்காவின் தேசிய விமர்சகர் கழகம் அதை ஆண்டின் சிறந்த படமாகத் தேர்ந்தது. ஆஸ்கரில் இயக்குநருக்கான பரிந்துரை மட்டும் கிடைத்தது, பரிசு கிடைக்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

வில்மிங்டன் போய்வந்தோம். 40-ஆம் எண் நெடுஞ்சாலை கடைசிவரை பைன் மரக்காடுதான். மரம் ஏற்றிய லாரிகளைப் பார்த்ததும் படத்தில் வரும் ஊர் வானொலி ஞாபகம் வந்தது. மரம் சாயும் சத்தத்தை வைத்து அதில் மணி சொல்வார்கள்.

டாரத்தியின் வீடாகக் காட்டிய கரோலினா அபார்ட்மென்ட்ஸ், மார்க்கெட் தெருவும் ஐந்தாம் தெருவும் சந்திக்கும் இடத்தில், ஒரு பெரிய நீரூற்றின் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. செங்கல் கட்டடம், ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒரு பெரியவர் நாயோடு வெளியே வந்து வணக்கம் சொன்னார். இதற்கு முன் வேறொரு படம் எடுக்க வந்த இடத்தில் டி லாரன்டிஸ் 1984-இல் ஒரு ஸ்டூடியோவே கட்டினார். அந்த வளாகத்தில் இன்னும் படங்கள் எடுக்கிறார்கள்.

நான் பார்க்க வந்தது வேறு ஒன்றை, அது எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாவிட்டாலும். படத்தின் பின்பகுதியில் ஓர் இரவு, ஜெஃப்ரியின் வீட்டு வாசலில் டாரத்தி நிர்வாணமாக, அடிபட்ட உடம்போடு, கைகளை உடம்பைவிட்டு விலக்கியபடி நடந்து வருகிறாள். வியட்நாமில் நேபாம் குண்டில் எரிந்து ஓடிவந்த சிறுமியின் புகைப்படத்தை மனதில் வைத்து அந்த நடையை நடித்ததாக ரோசலினி சொல்லியிருக்கிறார். லிஞ்சுக்கு அது சிறுவயது நினைவு. அவரும் தம்பியும் வீட்டருகே ஒரு மாலை நின்றிருந்தபோது, இருட்டிலிருந்து ஒரு பெண் துணியில்லாமல் நடந்து வந்திருக்கிறாள். உதவவேண்டும் என்று தோன்றியது, எப்படி என்று அந்த வயதில் தெரியவில்லை.

அந்தக் காட்சியை எடுத்த அன்று நடந்ததை ரோசலினி சொல்லியிருக்கிறார். சினிமா எடுக்கிறார்கள் என்று ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, போர்வை விரித்து, தின்பண்டத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள். பாட்டிகள், குழந்தைகள் எல்லோரும். இது கடுமையான காட்சி, போய்விடுங்கள் என்று சொல்லிப் பார்த்தும் யாரும் நகரவில்லை. எடுத்து முடிந்ததும் ஊரே கொதித்தது. இனிமேல் தெருவில் படம் எடுக்க அனுமதி இல்லை என்று மறுநாள் போலீஸ் சொல்லிவிட்டது.

திரையரங்குக்கு வரும் முன்பே இந்தப் படத்துக்குப் பார்வையாளர்கள் கிடைத்துவிட்டார்கள், எல்லாவற்றையும் அன்றே செய்தும் முடித்துவிட்டார்கள். ஆவலோடு வந்தார்கள், போகச் சொன்னபோது உட்கார்ந்திருந்தார்கள், பார்த்தார்கள், பிறகு கோபப்பட்டார்கள். அலமாரிக்குள் இருந்த ஜெஃப்ரி செய்ததும் இதில் பாதிதான். நீ துப்பறிகிறாயா, இல்லை வக்கிரம் பிடித்தவனா என்று சாண்டி அவனைக் கேட்கிறாளே, அந்தக் கேள்விக்கு அவன் நேராகப் பதில் சொல்வதில்லை. ஈபர்ட் இந்த இடத்தைத்தான் கவனிக்காமல் விட்டார் என்று நினைக்கிறேன். டாரத்தியைப் பார்க்கும் நம்மைத்தான் படம் விடாமல் பார்க்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

நான் கேட்கவே இல்லை. தோழியே வந்து, “மிச்சத்தைப் போடு, முடிவு தெரியாம மண்டைக்குள்ளயே சுத்துது” என்றாள். அலமாரிக் காட்சியைத் தாண்டிப் போட்டேன். மதிய வெளிச்சத்தில், திரைச்சீலையைத் திறந்துவைத்துப் பார்த்தோம். அவளுக்கு அப்படிப் பார்ப்பதுதான் முடிந்தது.

வாசலில் டாரத்தி வரும் இடத்தில், சண்டைக்கு வந்திருந்த பையன் ஜெஃப்ரியிடம், “இது உங்கம்மாவா?” என்று கேட்கிறான். மகள் சிரித்த இரண்டாவது இடம் அது. தோழி சிரிக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாரத்தியைச் சாண்டியின் வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். சாண்டி அதிர்ந்து அழுகிறாள், ஜெஃப்ரி விளக்கம் சொல்லத் தெரியாமல் நிற்கிறான். சாண்டியின் அம்மா ஒரு கோட்டை எடுத்துவந்து டாரத்தியைப் போர்த்துகிறார்.

“படத்துல இந்த அம்மா ஒருத்திதான் மனுஷி” என்றாள் தோழி. “இவ்வளவு நேரத்துல யாருக்காவது இது தோணுச்சா?”

அந்தக் கோட்டைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்திலும் ஒரு வரி இல்லை.

கடைசியில் ராபின் ஜன்னலோரம் வந்து உட்கார்கிறது, அலகில் வண்டு. இயந்திரப் பறவை என்பது பார்த்தாலே தெரியும். ஜெஃப்ரியின் அத்தை முகம் சுளிக்கிறார், பிறகு சாப்பிடுகிறார். அப்புறம் பூங்காவில் டாரத்தி குழந்தையைக் கட்டிக்கொள்கிறாள், அவள் முகம் மலர்ந்து, மெல்ல வாடுகிறது. தோழிக்கு இந்த முடிவில் திருப்தி இல்லை. சாண்டி வீட்டாருக்கு மதிய விருந்து இருக்கிறது, டாரத்திக்கு என்ன ஆனது என்று யாருமே அவளைக் கேட்கவில்லை என்கிறாள். லிஞ்ச் அந்த முகவாட்டத்திலேயே சொல்லிவிட்டார் என்றேன். “போதாது” என்றாள். ரொம்ப நேரம் இதையே பேசினோம்.

படத்திலிருந்து வெட்டப்பட்டு, காணாமல் போய், பிறகு கிடைத்த காட்சிகள் 2011-இல் வந்த புளூரே வட்டில் ஏறக்குறைய 50 நிமிடம் இருக்கின்றன. அதில் டாரத்தி இன்னும் கொஞ்சம் பேசுகிறாளா பார்க்கவேண்டும் என்கிறாள். வட்டை வரவழைத்திருக்கிறேன். வந்ததும் அவளுக்குச் சொல்லவேண்டும்.